பதில் சொல்லாத வெளிச்சம்

காலை மணி ஒன்பது நாற்பத்தொன்று. தொலைநோக்கியின் குறுக்கிழைகள் சந்திக்கும் இடத்துக்குச் சற்று இடப்புறமாக ஒரு வெளிச்சப் புள்ளி தெரிந்தது. ஊசித் துளை அளவு இருந்தது. நல்ல வெள்ளை. அசையவில்லை.

அதற்காக ஆறு நாட்கள் காத்திருந்தேன். நான் நின்றிருந்த மலை மூணாறுக்கு வடக்கே, ஏறக்குறைய எட்டாயிரம் அடி உயரத்தில், புல்லும் பாறையுமாகக் கிடப்பது. அங்கிருந்து இருபது மைல் தெற்கே, சாந்தன்பாறைக்கு மேலே உள்ள ஒரு மலையுச்சியில், நாச்சிமுத்து என்ற எங்கள் ஊழியர் கையகலக் கண்ணாடி ஒன்றை முக்காலியில் பொருத்திச் சூரிய ஒளியை என் பக்கம் திருப்பிக்கொண்டிருக்க வேண்டும். அந்த ஒளியைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன். பாலக்காடு சென்னை மாகாணத்திலிருந்து பிரிந்து கேரளத்தோடு சேர்ந்ததற்கு அடுத்து வந்த பிப்ரவரி அது. நாட்டுக்குப் புதிய வரைபடங்கள் போட்டுக்கொண்டிருந்த காலம். எங்கள் சர்வே இலாகாவின் வேலை அந்த மலைத் தொடர் முழுவதும் நடந்தது.

இதை இப்போது எழுதக் காரணம், போன மாதம் என் வீடு தேடி வந்த இரண்டு இளம் பொறியாளர்கள். அந்த மலையுச்சியில் நாங்கள் கட்டிய கல்தூண் எங்கே இருக்கிறது என்று கேட்க வந்தார்கள். செயற்கைக்கோள்களிடமிருந்து சமிக்ஞை வாங்கும் கருவியை அதன்மேல் வைத்துப் பழைய அளவோடு ஒப்பிட வேண்டுமாம். டிபன் பாக்ஸ் அளவே இருந்தது அந்தக் கருவி. இருவரில் ஒருவர் பெண். அவர் கேட்டார்: "இருபது மைல் தள்ளித் தெரியற வெளிச்சம் உங்க ஆளோடதுதான்னு எப்படி சார் தெரியும்?"

"தெரியாதும்மா" என்றேன்.

இருவரும் சிரித்தார்கள். நான் நடந்ததைத்தான் சொன்னேன்.

எனக்குச் சொந்த ஊர் பாலக்காடு. கடைவீதியில் அத்தாவுக்குக் குடைக் கடை. நான் கடைக்குப் போகாமல் கோயம்புத்தூரில் ஒரு நாளிதழில் சேர்ந்தேன். இரண்டு ஆண்டுகள் பிழை திருத்தினேன். வாளையாரில் லாரி கவிழ்ந்தாலோ மீனாட்சிபுரம் சந்தையில் மாடு மிரண்டாலோ பஸ் பிடித்துப் போய் எழுதிக்கொண்டு வந்தேன். மணி என்ன, இடம் எது, எத்தனை பேர் என்பதில்தான் செய்தி தொடங்க வேண்டும் என்பது அங்கே சட்டம். அந்தப் பழக்கம் போகவில்லை. பிறகு சர்வே இலாகாவில் ஆள் எடுத்தார்கள். பெங்களூரில் ஓராண்டு பயிற்சி. காலையில் கணிதம், சாப்பாட்டுக்குப் பின் கணிதம், ஞாயிற்றுக்கிழமை அளவைக் கருவிகளைத் துடைப்பது. அதற்குப் பிறகு அதே அலுவலகத்தில் இரண்டு ஆண்டுகள் ஏழு இலக்க மடக்கை அட்டவணையை மடியில் வைத்துக்கொண்டு, வேறு யாரோ மலைமேல் அளந்து வந்த கோணங்களைக் கூட்டினேன், கழித்தேன். என் நாற்காலிக்கு எதிரே இருந்த சன்னலில் ஒரு சுவர் தெரியும். சுவர் முழுவதும் எனக்கு மனப்பாடம்.

மலைக்கு என்னை அழைத்து வந்தவர் வைத்தியநாதன் சார். முகாம் அதிகாரி. பாலக்காட்டில் கல்பாத்திக்காரர். முதல் நாள் என் விண்ணப்பத்தைப் பார்த்தார்.

"அப்பாவுக்குக் குடைக் கடையா?"

"ஆமா சார்."

"அப்போ குடை பிடிக்கத் தெரிஞ்சிருக்கும். நாலு மணி நேரம் பேசாம பிடிக்கணும். முடியுமா ஓய்?"

வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். முதல் சீசன் முழுவதும் எனக்கு அதுதான் வேலை. கோணம் அளக்கும் தியோடலைட் கருவிமேல் வெயில் பட்டால் உலோகம் விரியும், அளவு மாறும். அதனால் ஒருவர் பெரிய வெள்ளைக் குடையைச் சூரியன் நகர நகர நகர்த்திக்கொண்டே நிற்க வேண்டும். குடை கருவிக்கு மட்டும். ஒருமுறை மழை வந்தது. நானும் சாரும் நனைந்தோம். தியோடலைட் நனையவில்லை. அந்தச் செய்தி எப்படியோ அத்தாவின் காதுக்குப் போய், கடையில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "என் மவன் சர்க்காருக்குக் குடை பிடிக்கிறான்" என்று சொல்லிச் சிரித்தார்.

சாருக்குச் சில வழக்கங்கள் இருந்தன. எட்டாயிரம் அடி உயரத்தில், வாளியில் தண்ணீர் கண்ணாடித் துண்டாக உறைந்திருந்தாலும், சவரம் செய்யாமல் கருவியைத் தொட மாட்டார். கோட்டுப் பொத்தான் எல்லாம் போட்டிருப்பார். கருவியின் திருகுகளை இரண்டு விரல் நுனியால் மட்டும் தொடுவார். அளவைப் படித்துச் சொல்வார். எழுதுகிறவர் அதைத் திருப்பிச் சொன்ன பிறகுதான் அடுத்த அளவு. முகாமில் யாரிடமும் அழிப்பான் இருக்கக் கூடாது. என்னிடம் ஒன்று இருந்தது. முதல் நாளே வாங்கித் தன் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார். தப்பாக எழுதினால் அதன் குறுக்கே ஒரே ஒரு கோடு கிழித்து, பக்கத்தில் சுருக்கொப்பம் போட வேண்டும். கோட்டுக்கு அடியில் இருக்கும் எண்ணைப் படிக்க முடிய வேண்டும். "தப்பு என்னன்னு நாளைக்கு ஒருத்தன் பார்க்கணுமாக்கும்" என்பார். பத்திரிகையில் நான் இரண்டு ஆண்டுகள் செய்தது அதற்கு நேர் எதிரான வேலை.

இன்னொரு வழக்கம், கேட்பது. தொலைவில் வெளிச்சம் தெரிந்ததும் உடனே அளக்கக் கூடாது. எங்களிடமும் ஒரு கண்ணாடி உண்டு. அதன் முன்னால் தொப்பியை வைத்து எடுத்து, மூன்று முறை குறுக ஒளி காட்ட வேண்டும். அந்தப் பக்கத்து ஆள் நீளமாக இரண்டு முறை திருப்பிக் காட்ட வேண்டும். அது வந்த பிறகுதான் அளவு. நூறு முறை பார்த்த வெளிச்சமானாலும் கேட்டாக வேண்டும். கண்ணாடியைச் சரியாகத் திருப்பிக் கேட்டு முடிக்கக் கால் மணி நேரம் ஆகும்.

அந்த ஆண்டு எங்கள் வேலை ஒரு முக்கோணம். மூன்று மலைகள்: கிழக்கே ஒன்று, தெற்கே சாந்தன்பாறை மலை, வடக்கே நான் நின்ற மலை. ஒவ்வொன்றின் உச்சியிலும் கருவியை வைத்து மற்ற இரண்டுக்கும் நடுவே உள்ள கோணத்தை அளக்க வேண்டும். மூன்றையும் கூட்டினால் நூற்றெண்பது டிகிரி வர வேண்டும். சரியாகச் சொன்னால் நூற்றெண்பதுக்கு மேலே இரண்டு விநாடி வர வேண்டும். ஒரு டிகிரியில் அறுபது நிமிடம், ஒரு நிமிடத்தில் அறுபது விநாடி, அதில் இரண்டு. பூமி தட்டையாக இல்லாததால் வரும் மிச்சம் அது. இதை முதன்முதலில் கேட்டபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை இப்போதும் சொல்லத் தெரியவில்லை. மூன்று மலையில் ஏறி நின்று மூன்று எண்ணைக் கூட்டினால் பூமி உருண்டை என்று தெரிந்துவிடுகிறது!

முதல் இரண்டு மூலைகளையும் டிசம்பரிலும் ஜனவரியிலும் சாரே அளந்து முடித்துவிட்டார். வடக்கு மலை ஏறியதும் என்னிடம் சொன்னார்: "மூணாவது மூலை உமக்கு, ராவுத்தரே. முக்கோணம் மூடித்துன்னா அடுத்த சீசன் நீர் அப்சர்வர். தனி முகாம், தனிக் கருவி. மூடலைன்னா பெங்களூர்ல உம்ம நாற்காலி அப்படியேதான் இருக்கு. யாரும் தூக்கிண்டு போகலை."

சுவரும் சன்னலும் என் கண்முன் வந்து நின்றன.

கிழக்கு மலை முதல் நாளே ஒளி காட்டியது. கேட்டதற்குப் பதிலும் சொன்னது. சாந்தன்பாறைதான் வரவில்லை. காலையெல்லாம் அந்த மலையுச்சியில் மேகம் தொப்பி வைத்ததுபோல் உட்கார்ந்திருந்தது. பிற்பகலில் எங்கள் உச்சி மூடிக்கொண்டது. ஐந்தாம் நாள் மூணாறிலிருந்து ஆள் வந்தது: மாத முடிவுக்குள் முகாமைக் காலி செய்துவிட்டுக் கீழே இறங்கச் சொல்லித் தலைமை அலுவலகத் தந்தி. புல்மேடுகளில் தீ வைக்கும் பருவம் வந்துவிட்டால் புகைமூட்டத்தில் எதுவும் தெரியாது. சார் பதில் தந்தி கொடுக்கவும் அரிசி வாங்கவும் மூணாறுக்கு இறங்கினார். "வரதுக்குள்ள கிடைச்சா எடுத்து வையும்" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலை ஒன்பது நாற்பத்தொன்றுக்கு அந்தப் புள்ளி தெரிந்தது.

அளவுகளை எழுத என்னோடு இருந்தவர் கோபாலன். ஒற்றப்பாலத்துக்காரர். என் வயதுதான். தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார். அவர் பென்சிலை எடுத்துவிட்டு, என் பெயரைச் சொல்லி, ஒளி காட்டிக் கேட்க வேண்டாமா என்றார்:

"சலாமே, கேக்கண்டே?"

பள்ளத்தாக்கிலிருந்து மேகம் ஏறிக்கொண்டிருந்தது. கால் மணி நேரத்தில் எங்களை மூடிவிடும் என்று பட்டது.

"நேரம் இல்லை. எழுது."

"சாரு அறிஞ்ஞா…"

"சாருக்கு வேண்டியது கோணம். எழுது கோபாலா."

அவர் எழுதினார். முப்பத்தைந்து நிமிடம் அந்த ஒளி நின்றது. அதற்கு மறுநாளும் அதே நேரத்துக்கு வந்தது. அன்றைக்கு மேகம் இல்லை, கேட்பதற்கு நேரம் இருந்தது. ஆனால் நேற்றுப் பார்த்த அதே வெளிச்சம்தானே என்று விட்டுவிட்டேன். இரண்டு நாள் அளவுகளும் ஒன்றோடொன்று அழகாக ஒத்துப்போயின. கோபாலன் வெல்லம் போட்டுப் பருப்புப் பாயசம் வைத்தார். இரண்டு பேரும் தட்டில் ஊற்றிக் குடித்தோம். எனக்குக் கிடைக்கப்போகும் முகாமில் என்னென்ன வைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் பட்டியல் போட்டேன். கோபாலன் அதில் ஒரு கோழியைச் சேர்த்தார்.

சார் மூன்றாம் நாள் பிற்பகல் மூன்று மணிக்கு ஏறி வந்தார். முகம் கழுவினார். கோட்டை மாட்டினார். அளவுகள் எழுதும் பீல்டு புக்கை வாங்கி, பெட்டிமேல் வைத்து, தன் இரண்டு கோணங்களையும் என்னுடையதையும் எழுதிக் கூட்டினார். மறுபடி கூட்டினார். பென்சிலைக் கீழே வைத்தார்.

நூற்றெண்பதுக்கு நான்கு நிமிடம் முப்பத்தேழு விநாடி குறைந்தது. எங்களுக்கு அனுமதிக்கப்பட்ட பிழை மூன்று விநாடி.

சார் குரலை உயர்த்தவில்லை. தெற்கே பார்த்துக்கொண்டு கேட்டார்: "வெளிச்சம் பதில் சொல்லித்தா?"

"ரொம்பத் தெளிவா இருந்தது சார். அசையவே இல்லை."

"நான் அதைக் கேக்கலை."

கோபாலன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் காட்டிக் கொடுக்க அவருக்கு மனமில்லை என்று தெரிந்தது.

"கேக்கலை சார். ரெண்டு நாளும் கேக்கலை. கோபாலன் சொன்னார், நான்தான் வேண்டாம்னேன்."

சார் தலையை ஆட்டினார். நான் மனக்கணக்காகப் போட்டுப் பார்த்தேன். இருபது மைல் தொலைவில் அந்தப் பிழை ஏறக்குறைய நூற்று நாற்பது அடிக்குச் சமம். உச்சியிலிருந்து நூற்று நாற்பது அடி கிழக்கே தள்ளி யாரோ ஒளி காட்டியிருக்கிறார்கள். உடனே எனக்குத் தோன்றிய பெயர் நாச்சிமுத்து. அதையும் வாய்விட்டுச் சொன்னேன்.

"நாச்சிமுத்து கண்ணாடியை இடம் மாத்தி வச்சிருப்பாரோ சார்?"

"இருக்கலாம். போய்ப் பார்த்துட்டு வாரும். இன்னும் ஆறு நாள் இருக்கு." பிறகு அடுப்போரம் இருந்த பாத்திரத்தைப் பார்த்து, "பாயசம் மிச்சம் இருக்கா?" என்றார்.

மறுநாள் மூணாறு வரை இறங்கித் தேயிலை லாரியில் பூப்பாறை போய்ச் சேர்ந்தேன். அதற்கு அடுத்த நாள் காலை ஒன்பது மணிக்குச் சாந்தன்பாறை மலையுச்சியில் இருந்தேன். ஏலத் தோட்டங்களுக்குள் ஏறும்போது வெயில் அடித்தது. உச்சியில் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. மேகத்துக்குள் ஒரு கூடாரம். அதன் வாசலில் போர்வைக்குள் நாச்சிமுத்து இருந்தார். மீனாட்சிபுரத்துக்காரர். நாற்பது வயது. ஊரில் எட்டு எருமைகள். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"ஏனுங்க சார், முடிஞ்சுதுங்களா? எறங்கலாமுங்களா?"

"நீங்க வெளிச்சம் காட்டின இடம் எது நாச்சிமுத்து?"

"நானெங்கீங்க காட்டுனேன்? பத்து நாளா இந்த மேகத்துல மூஞ்சி கழுவிட்டு ஒக்காந்திருக்கறேன். காலைல இதே கதைதானுங்க. மூணு மணிக்கு மேல இங்க தெளியுது, அப்பப் பாத்தா உங்க மலை மூடிக்குது. என்ற எருமைகூட இத்தன நாள் ஒரே எடத்துல நிக்காதுங்க."

"வியாழக்கிழமை காலைல? வெள்ளிக்கிழமை?"

"அட, எந்தக் கெழமைன்னாலும் காலைல காட்டுலீங்க. யாருங்க சொன்னது காட்டுனேன்னு?"

கண்ணாடியின் முக்காலியைப் பார்த்தேன். தூக்குக்குண்டைத் தொங்கவிட்டேன். குண்டின் நுனி, பாறையில் சார் ஜனவரியில் கொத்திய புள்ளியின் நடுவில் நின்றது. ஒரு நெல் அளவுகூட விலகவில்லை. பத்து நாள் மேகத்துக்குள் ஒரு மனிதர் அதை அப்படிக் காத்து வந்திருந்தார். நான் பத்து நிமிடத்துக்கு முன்புவரை அவரைக் குற்றவாளியாக வைத்திருந்தேன்.

இரண்டு பேருமாகக் கிழக்கே நூற்று நாற்பது அடி அளந்தோம். அங்கே ஒன்றும் இல்லை, சரிவு தொடங்கியது. வடக்குப் பக்கமாகச் சரிவில் இறங்கினோம். கொஞ்ச தூரத்தில் மேகம் தலைக்கு மேலே நின்றுவிட்டது. கீழே நல்ல வெயில். எங்கள் காலடியில், மலையின் தோளில், ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் ஒன்று இருந்தது. மழைக்காக மிகச் செங்குத்தாகப் போட்ட தகரக் கூரை. புத்தம்புதுத் தகரம். அதன் ஒரு பக்கம் வடக்கே, எங்கள் மலையைப் பார்த்துச் சாய்ந்திருந்தது.

ஸ்டோருக்கு வடக்கே ஒரு மேட்டில் ஏறித் திரும்பினேன். மணி ஒன்பது நாற்பத்துமூன்று. கூரை கண்ணைப் பறித்தது. நெளித்தகரம் என்பதால் ஒரு நெளிவிலிருந்து அடுத்ததற்கு ஒளி மாறி மாறி முப்பது நாற்பது நிமிடம் நீடிக்கும் என்பதும் புரிந்தது. சூரியனின் பாதை நாளுக்கு நாள் வடக்கே நகர்வதால் அந்த வாரம்தான் அந்த ஒளி எங்கள் மலைக்கு நேராகத் திரும்பியிருந்தது. நான் இரண்டு நாள் ஒரு கூரையின் கோணத்தை அளந்திருக்கிறேன்.

"யாருய்யா அது, எங்க கூரைய இப்படி மொறைக்கிய?"

ஸ்டோர் வாசலில் ஒரு பெண் நின்றிருந்தார். அவர் பெயர் இசக்கியம்மா. உலர்த்தும் அடுப்புக்கும் அங்கே வேலை செய்யும் பெண்களுக்கும் அவர்தான் பொறுப்பு. தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம்.

"இந்தத் தகரம் எப்போ போட்டது?"

"தை பொறந்து பதினஞ்சு நாள் கழிச்சு. ஏன், சர்க்காரு தகரத்துக்கும் வரி போடுதா?"

சார் இந்த மலையில் அளந்து முடித்து இறங்கியதற்குப் பிறகு போட்ட கூரை. அதனால்தான் எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. நடந்ததைச் சொன்னேன். இசக்கியம்மா கடைசிவரை முகத்தை மாற்றாமல் கேட்டார். பிறகு உள்ளே திரும்பிக் கத்தினார்:

"ஏளா, எல்லாரும் இங்க வாங்களா! இருபது மைலுக்கு அங்கிட்டு ஒரு சாரு, நம்ம தகரத்தப் பாத்துட்டு நம்ம நாச்சிமுத்தண்ணன்னு நெனச்சுக் கணக்குப் போட்டிருக்காராம்!"

பத்துப் பன்னிரண்டு பெண்கள் வந்தார்கள். கூரையைப் பார்த்தார்கள், நாச்சிமுத்துவைப் பார்த்தார்கள், மறுபடி கூரையைப் பார்த்தார்கள். ஒருத்தி, "தகரம் அண்ணன விட நல்லா மின்னுது" என்றாள். அதற்கு மேல் யாராலும் நிற்க முடியவில்லை. நாச்சிமுத்துவே சாக்குமேல் உட்கார்ந்துவிட்டார். நானும் சிரித்தேன். அந்த வாரத்தில் நான் சிரித்தது அப்போதுதான்.

"இதுக்குப் போயா மொகத்தத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்திய?" என்றார் இசக்கியம்மா. "மூடிட்டாப் போச்சு. காய் எடுப்பு முடிஞ்சுட்டு. கம்பளியெல்லாம் தொவைச்சு மலை மாதிரி கெடக்கு. எங்கயாச்சும் காயப் போடத்தான் வேணும், கூரையிலயே போடுதோம். ஆனா ஒண்ணு. உங்க வேல முடிஞ்ச பொறவு அந்தக் கண்ணாடிய எங்களுக்கும் காட்டச் சொல்லணும். இந்த அண்ணன் தொடவே விட மாட்டேங்காரு."

"சர்க்கார் சாமானுங்க" என்றார் நாச்சிமுத்து.

"வேலை முடிஞ்ச பிறகு காட்டுங்க" என்றேன். "நான் ஒளியை மூணு தடவை நீளமா காட்டினா முடிஞ்சதுன்னு அர்த்தம்."

மலைக்குத் திரும்ப இரண்டு நாள் ஆயிற்று. நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டுச் சார் பீல்டு புக்கை என் பக்கம் தள்ளினார். இரண்டு நாள் அளவுகள் ஆறு பக்கம். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு கோடு, ஒரு சுருக்கொப்பம். ஓரத்தில் காரணம் எழுத வேண்டும். 'ஏலக்காய் ஸ்டோரின் கூரை' என்று ஆறு முறை எழுதினேன். அவர் வாசித்துப் பார்த்து, முதல் பக்கத்தில் 'தகர' என்று ஒரு சொல்லைச் சேர்த்தார்.

இன்னும் ஒரே நாள் மிச்சம் இருந்தது. வடமேற்கில், எங்கோ புல்மேட்டில் தீ வைத்துவிட்டார்கள். அடிவானம் பழுப்பாகத் தொடங்கியிருந்தது.

கடைசி நாள் காலை ஒன்பது நாற்பதுக்கெல்லாம் கருவியில் கண்ணை வைத்துவிட்டேன். ஒன்பது நாற்பத்தொன்று ஆயிற்று. நாற்பத்தைந்து ஆயிற்று. பத்து மணி.

"என்ன தெரியறது?" என்றார் சார்.

"ஒண்ணுமே தெரியலை சார்."

"நன்னாருக்கு" என்றார்.

கோபாலன் குடையைப் பிடித்துக்கொண்டே குலுங்கினார். இருபது மைல் தள்ளி, ஒரு கூரைமேல் கம்பளிகள் காய்ந்துகொண்டிருந்தன.

பிற்பகல் இரண்டு மணிக்கு வழக்கம்போல் எங்கள் உச்சியில் மேகம் வந்தது. மூன்றேகால் வரை அது எங்கள்மேல் இருந்தது. சார் பெட்டிமேல் உட்கார்ந்து தந்தியை மறுபடி படித்தார். அதில் புதிதாக ஒன்றும் இல்லை. பிறகு மேற்கிலிருந்து காற்று வந்து மேகத்தைக் கிழக்குப் பக்கம் தள்ளியது. அப்போதும் தெற்கு மூடித்தான் கிடந்தது. மூன்று ஐம்பத்திரண்டுக்குத் திறந்தது. குறுக்கிழைகள் சந்திக்கும் இடத்திலேயே, துளிகூட இடப்பக்கம் விலகாமல், ஒரு வெளிச்சம்.

கோபாலன் வாயைத் திறந்தார். நான் அதற்குள் கண்ணாடிப் பக்கம் ஓடியிருந்தேன். கண்ணாடியைத் திருப்ப இருபது நிமிடம் ஆயிற்று. சார் வந்து உதவவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை. தொப்பியை வைத்து எடுத்தேன். குறுக, குறுக, குறுக.

தெற்கே ஒளி அணைந்தது. நீளமாக எரிந்தது. அணைந்தது. மறுபடி நீளமாக.

கோபாலன் என் முதுகில் அடித்த அடி மூன்று நாள் வலித்தது. கிழக்கு மலையையும் கேட்டோம். அதுவும் பதில் சொன்னது. அளவைத் தொடங்கினேன். கிழக்கே ஒன்று, தெற்கே ஒன்று, கருவியைப் புரட்டித் தெற்கே, கிழக்கே. நான் சொன்னேன், கோபாலன் திருப்பிச் சொன்னார். சார்தான் குடை பிடித்தார். அதை நான் கவனித்தது மூன்றாவது சுற்றில். வாங்கிக்கொள்ள எழுந்தேன்.

"உம்ம வேலையைப் பாரும்" என்றார்.

ஐந்து மணி எட்டு நிமிடத்துக்குக் கடைசி அளவு. தெற்கே நீளமாக மூன்று முறை ஒளி காட்டினேன். நாச்சிமுத்து நீளமாக இரண்டு முறை பதில் சொன்னார். அத்தோடு நிற்க வேண்டும். நிற்கவில்லை. குட்டியாக ஒன்று, பெரியதாக ஒன்று, தாறுமாறாக நாலு, கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை, மறுபடி ஐந்தாறு. கண்ணாடி கை மாறிக்கொண்டே இருந்தது புரிந்தது. ஸ்டோர் பெண்கள் அத்தனை பேரும் மலையேறி வந்திருக்கிறார்கள்.

சார் குடையைத் தாழ்த்திவிட்டு வெறுங்கண்ணால் பார்த்தார். "எந்தா இது ஓய்? சாந்தன்பாறையில உற்சவமா?"

"கம்பளி போட்டவங்க சார்."

"அப்படின்னா பதில் சொல்லும். மரியாதையாக்கும்."

எத்தனை முறை காட்டினேன் என்று எண்ணவில்லை. சூரியன் தாழ்ந்து அந்தப் பக்கத்து ஒளி சிவந்து மங்கும்வரை காட்டினேன்.

பிறகு பெட்டிமேல் பீல்டு புக்கை விரித்தோம். மூன்றாவது கோணத்தின் சராசரியை நான் எடுத்தேன். கோபாலன் தனியாக எடுத்தார். ஒத்துப்போனது. சாரின் இரண்டு கோணங்களுக்குக் கீழே அதை எழுதிக் கோடு போட்டுக் கூட்டினேன். நூற்றெண்பது டிகிரி, பூஜ்யம் நிமிடம், மூன்று விநாடி. வர வேண்டியதைவிட ஒரே ஒரு விநாடி கூடுதல்.

சார் ஒருமுறை கூட்டிப் பார்த்தார். மறுமுறை கூட்டவில்லை. கீழே கையெழுத்துப் போட்டார்.

அடுத்த சீசனில் எனக்கு ஒதுக்கப்பட்ட மலைகள் பதினொன்று.